வரிசை எண் நான்கு: சிம் கார்டு ஒன்று

திருநின்றவூர்,
11.06.2025

அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் அளவுக்கு இன்னும் கோபம் தணியவில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

“இனிமே போன்ல பேசாத. எதுவானாலும் எழுத்துல குடு” என்று ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டை விட்டுக் கிளம்பியபோது வாசலில் நின்று சொன்னீர்கள். சரி, எழுத்தில் கொடுக்கிறேன். இங்கே என்னோடு வேலை பார்க்கும் பவ்யாவின் வாடகை வீட்டில், ஏரிக்கரைப் பக்கம் தங்கியிருக்கிறேன். ஆவடிக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். இந்தக் கடிதம் வந்து சேர இரண்டு நாள் ஆகும். பரவாயில்லை, நிதானமாகப் படியுங்கள்.

அன்றைக்கு நடந்ததை உங்கள் பக்கத்தில் இருந்து மட்டும்தான் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லியிருப்பீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள். பூந்தமல்லியில் இருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பையனின் அம்மா “பொண்ணு என்ன வேலை பாக்குது?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் “ஆபீஸ் வேலை” என்றீர்கள். நான் லிஃப்ட் மெக்கானிக், அப்பா. ஏழு வருடமாக அதுதான் என் வேலை. அம்பத்தூரைச் சுற்றி நாற்பத்து மூன்று லிஃப்டுகள் என் பொறுப்பு. ஒவ்வொன்றுக்குள்ளும் பொத்தான்களுக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. ‘லிஃப்ட் நின்றால் அழைக்கவும்: மதிவதனி’ என்று எழுதி, கீழே என் நம்பர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. எடுத்து இரண்டு வார்த்தை பேசினேன். வந்தவர்களில் ஒருவர் “ஆம்பளக் குரலு கேக்குதே” என்று முணுமுணுத்தார். நீங்கள் சிரித்த முகம் மாறாமல் எழுந்து வந்தீர்கள். உங்கள் சாவிக்கொத்தில் தொங்கும் அந்த சிம் ஊசியால் என் போனைக் குத்தி, சிம்மை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “இப்ப பேசலாம்” என்று உட்கார்ந்தீர்கள். எனக்கு இருபத்தேழு வயசு. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அவர்களுக்கு கேசரி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அம்பத்தூரில் ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அனுசுயா டீச்சர். எழுபது வயசு, சர்க்கரை நோய். ஒரு மணி ஐம்பது நிமிடம் இருட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் துலுக்கானம் மறுநாள் என்னைப் பார்த்ததும் கத்தினார்: “இன்னாம்மா நீ, இருபத்திமூணு வாட்டி அடிக்கிறேன், சுச்சாஃப், சுச்சாஃப்னே வருது. டீச்சரம்மா உள்ள குந்திகினு மூச்சு வாங்குறாங்க. உன்ன நம்பித்தான ஒட்டி வெச்சிக்கீது அந்த நம்பர?” டீச்சர் பிழைத்துக்கொண்டார். கம்பெனி வேறு ஆளை அனுப்பி அவரை இறக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. மறுநாள் நான் டீச்சர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த நம்பரை என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். நாம் இரண்டு பேரும் ஆதாரோடு கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும். எந்தக் கிழமை வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.

மதிவதனி



ஆவடி,
14.06.2025

அனுப்புநர்:
கோ. கோவிந்தராஜ், பண்டகக் காப்பாளர்

பெறுநர்:
கோ. மதிவதனி (மகள்)

பொருள்: சிம் கார்டு வரிசை எண் 4 — பெயர் மாற்றம் கோருதல் — மறுப்பு — தொடர்பாக.
பார்வை: தங்கள் 11.06.2025 தேதியிட்ட கடிதம்.

பார்வையில் கண்ட கடிதம் 13ஆம் தேதி மாலை கிடைத்தது. படிக்கப்பட்டது.

இந்த வீட்டில் நான்கு சிம் கார்டுகள் உள்ளன. நான்கும் என் பெயரில், என் அடையாளச் சான்றில் வாங்கியவை. வரிசை எண் 1 எனக்கு. 2 உன் அம்மாவுக்கு. 3 ஓசூரில் வேலை பார்க்கும் உன் தம்பி கோகுல்நாத்துக்கு. 4 உனக்கு. பண்டக சாலையில் ஒரு ஸ்பேனரைத் தொழிலாளிக்குக் கொடுக்கிறோம் என்றால் அது அவனுடைய சொத்து ஆகிவிடாது. வேலைக்காக வழங்கப்பட்டது, திரும்பப் பெறத்தக்கது. முப்பத்திரண்டு வருடமாக இந்த விதியைத்தான் நான் பார்த்து வருகிறேன். இது உன் ஒருத்திக்காக மாறாது.

மேற்படி சிம் தற்போது என்னுடைய பழைய பட்டன் போனில் போடப்பட்டுள்ளது. தொழிற்சாலைக்குள் கைபேசி எடுத்துச் செல்லக் கூடாது என்பதால் பகலில் வீட்டில் இருக்கும். மாலையில் என் வசம். 8ஆம் தேதி முதல் நேற்று வரை என் வசம் வந்த அழைப்புகள் பதினான்கு. இதில் பன்னிரண்டு ஆண்கள். ஒருவர் “மதி இல்லையா சார்?” என்றார். உன்னை மதி என்று கூப்பிட அவர் யார் என்று கேட்டேன். கேட் பக்கத்து ஃபேக்டரி மேனேஜர் என்றார். எந்த கேட், எந்த ஃபேக்டரி என்று நான் கேட்கவில்லை.

ஆபீஸ் வேலை என்று சொன்னதைக் குற்றமாக எழுதியிருக்கிறாய். கிரீஸ் கையோடு லிஃப்ட் குழிக்குள் இறங்குகிற பெண்ணை எந்த வீட்டில் எடுப்பார்கள்? உன் நல்லதுக்குச் சொன்னேன். அந்த வயதான அம்மாளுக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. அதற்கு உன் கம்பெனி மாற்று ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

நீ வீட்டுக்கு வந்து, பூந்தமல்லிக்காரர்களிடம் போனில் மன்னிப்புக் கேட்டால், சிம் அன்றே திரும்ப வழங்கப்படும்.

இதுவரை உன் அம்மா சாப்பாட்டில் உப்புப் போட மறந்தது ஆறு முறை. இதுவும் உன் கணக்கில்தான் சேரும்.

கோவிந்தராஜ்



திருநின்றவூர்,
23.06.2025

அனுப்புநர்: பொறுப்பில்லாத மகள்
பெறுநர்: பொறுப்புள்ள அப்பா
பொருள்: மன்னிப்புக் கேட்க முடியாது — தொடர்பாக.
பார்வை: உங்கள் முறைப்பு.

அப்பா, உங்கள் வழியிலேயே எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வரிக்கு மேல் எனக்கு மூச்சு முட்டுகிறது.

நீங்கள் சிம்களுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறீர்களே, காக்கி அட்டை போட்டது, சிம் எப்போது ‘திரும்பப் பெறப்பட்டது’, எப்போது ‘மீண்டும் வழங்கப்பட்டது’ என்று தேதியோடு எழுதுவீர்களே. வீட்டை விட்டுக் கிளம்புகிற அன்று அதைப் புரட்டிப் பார்த்தேன். பிளஸ் டூவில் மார்க் குறைந்ததில் இருந்து என் சிம் பதினேழு தடவை உருவப்பட்டிருக்கிறது. அம்மாவுடையது ஆறு தடவை. ஐம்பது வயசுக்காரியின் சிம்மை எதற்கு உருவினீர்கள் என்று பார்த்தால், ‘தங்கை வீட்டாரோடு நீண்ட நேரம் பேசியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோகுல்நாத்தின் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. ஒரு தடவைகூட இல்லை. அவன் இரண்டு தடவை பைக்கை மோதிவிட்டு வந்தவன்.

சரி, அது கிடக்கட்டும். போன வாரம் நான் புது நம்பர் வாங்கிவிட்டேன். என் பெயரில், என் ஆதாரில். கடையில் விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். ஐந்து தடவை வைத்தும் மெஷின் எடுக்கவில்லை. ஏழு வருடக் கம்பிக் கயிறும் கிரீஸும் ரேகையைத் தேய்த்துவிட்டிருக்கின்றன. இடது கை மோதிர விரலைத்தான் கடைசியில் எடுத்துக்கொண்டது. மோதிரம் போடாத விரல் என்பதால் தேயவில்லையோ என்னவோ.

நான் வாங்கியது இ-சிம். கார்டே கிடையாது. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உங்கள் பண்டக சாலைக்கு ஒரு பொருள் வர வேண்டும் என்றால் லாரி வர வேண்டும், கேட்டில் பாஸ் போட வேண்டும், இறக்க வேண்டும். இதில் பொருள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. போன் செய்யும்போதே ஒரு சின்னச் சில்லை, அதாவது சிப்பை, உள் போர்டில் பற்றவைத்து அனுப்பிவிடுகிறார்கள். அது வெறும் பலகை. யாருடைய நம்பர், எந்தக் கம்பெனி என்று அதில் எதுவும் எழுதியிருக்காது. நாம் கேட்டதும் கம்பெனிக்காரர்கள் அந்த விவரத்தை நெட் வழியாக அனுப்புகிறார்கள், சில்லு அதை எழுதிக்கொள்கிறது. எந்தச் சில்லு என்று அவர்களுக்குத் தெரிய அதற்கு முப்பத்திரண்டு இலக்கத்தில் ஒரு எண் உண்டு. உங்கள் பண்டக சாலையில் ஒவ்வொரு பொருளுக்கும் தொங்கவிடும் ‘பின் கார்டு’ அட்டையின் நம்பர் மாதிரி. நட்சத்திரம், ஹாஷ், பூஜ்யம் ஆறு, ஹாஷ் அடித்தால் போனிலேயே தெரியும்.

நான் செய்த கூத்தையும் கேளுங்கள். விவரத்தை இறக்க ஒரு கட்டம் கட்டமான கியூ.ஆர். படம் மெயிலில் வந்தது. அதை போன் கேமராவில் காட்ட வேண்டும். நான் அதே போனில் மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே போன் கேமராவால் எப்படிப் பிடிப்பது என்று கண்ணாடி முன்னால் எல்லாம் நின்று பார்த்தேன். பவ்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அவள் போனுக்கு அந்த மெயிலை அனுப்பச் சொன்னாள். அவள் திரையில் படம், என் கேமரா அதைப் பிடித்தது, பத்து நிமிடத்தில் டவர் வந்துவிட்டது.

இதில் உருவ ஒன்றும் இல்லை அப்பா. ஊசியை எங்கே குத்தினாலும் ஒன்றும் வெளியே வராது.

போன ஆறு நாளாக ஒவ்வொரு கட்டடமாக ஏறி இறங்கினேன். பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி, புது நம்பரை ஒட்டினேன். நாற்பத்திரண்டு முடிந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியின் சரக்கு லிஃப்ட் மட்டும் பாக்கி. முதலாளி ஊரில் இல்லை, அவர் வந்த பிறகுதான் திறப்பார்களாம். அனுசுயா டீச்சர் லிஃப்டில்தான் முதலில் ஒட்டினேன். அவர் வெளியே வந்து நின்று பார்த்துவிட்டு, “இது உன் நம்பரா, உங்கப்பா நம்பரா?” என்று கேட்டார். துலுக்கானம் விஷயத்தை ஒன்பது மாடிக்கும் சொல்லியிருக்கிறார்.

புது நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் அழைக்க மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். என் போனில் இ-சிம் ஒருபக்கம் இருக்க, சாதா சிம் ட்ரே காலியாக இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு நம்பரும் வேலை செய்யும். பழைய நம்பருக்கு இடம் வைத்திருக்கிறேன், கெஞ்ச மாட்டேன். ஏழு வருடம் நான் உழைத்து ஊருக்குத் தெரியவைத்த நம்பர் அது. என் பெயரில் கொடுங்கள்.

மதிவதனி



ஆவடி,
01.07.2025

மகள் மதிவதனிக்கு,

இம்முறை பொருள், பார்வை போடவில்லை. நீ கேலி செய்ததால் அல்ல. எழுத வேண்டிய விஷயம் எந்தத் தலைப்பிலும் அடங்கவில்லை.

முதலில் உன் இ-சிம். கையில் எடுத்துப் பார்க்க முடியாத பொருளை இருப்புச் சரிபார்க்க முடியாது என்பது என் கருத்து. மேலும் மூன்று கேள்விகள். போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனால் என்ன செய்வாய்? கார்டாக இருந்தால் உருவி வேறு போனில் போட்டு அந்த நிமிடமே பேசலாம். திருடன் எடுத்துக்கொண்டு போனால்? பட்டன் போனில் இது வேலை செய்யுமா? பதில் எழுதவும்.

இப்போது விஷயம். 29ஆம் தேதி ஞாயிறு காலை 11.05 மணிக்கு பட்டன் போனில் அழைப்பு. பெண் குரல். எடுத்ததும் அழுகை. “அக்கா, லிஃப்ட் நின்னுடுச்சுக்கா” என்றாள். தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன். 11.06க்கு மறுபடியும் அடித்தாள். “இந்த நம்பர்தான் சார் ஒட்டிருக்கு” என்றாள்.

எங்கே என்று கேட்டேன். அம்பத்தூர் எஸ்டேட், பம்பு கம்பெனி. பெயர் ரேவதி. ஞாயிறு ஓவர்டைமுக்கு வந்தவள். சரக்கு லிஃப்டில் பெட்டிகளோடு தனியாக ஏறியிருக்கிறாள். கீழே மெஷின் சத்தத்தில் இவள் தட்டுவது யாருக்கும் கேட்கவில்லை. போனில் சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கிறது என்றாள்.

பட்டன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, என் சொந்த போனில் உன் புது எண்ணுக்கு அடித்தேன். “எஸ்டேட். பம்பு கம்பெனி. சரக்கு லிஃப்ட். உள்ளே ஒரு பெண், தனியாக” என்று சொல்லி வைத்துவிட்டேன். பத்தொன்பது விநாடி. இது பேச்சில் சேராது, தகவல். நான் சொன்ன சொல்லை மீறவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

அதன்பின் அந்தப் பெண் போனை வைக்கவில்லை. வைக்காதீங்க சார் என்று கெஞ்சினாள். சார்ஜ் போய்விடும் என்றேன். போனாலும் பரவாயில்லை என்றாள். உள்ளே என்ன பெட்டிகள், எத்தனை என்று கேட்டேன். எண்ணச் சொன்னேன். முப்பத்தாறு என்றாள். மறுபடி எண்ணு என்றேன். முப்பத்தெட்டு. மூன்றாவது முறை எண்ணியபோது அழுகை நின்றுவிட்டது. எது சரி என்று அவளுக்கே ரோஷம் வந்துவிட்டது. 11.27க்கு மேலே ஏதோ சத்தம் கேட்கிறது என்றாள். பிறகு உன் குரல் எனக்குக் கேட்டது. “ரேவதி, நான் மதி. கதவ விட்டுத் தள்ளி நில்லு. மெதுவா எறக்குறேன்” என்றாய்.

நீ வேலை பார்க்கும்போது பேசுகிற குரலை நான் இதுவரை கேட்டதில்லை.

அழைப்பு 11.34க்கு முடிந்தது. நோட்டில் எழுதியிருக்கிறேன்.

இதை வைத்து நான் இறங்கி வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சிம் என் பெயரில்தான் இருக்கிறது. இன்னொன்று. திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் இந்த எண்ணுக்கு ஓர் அழைப்புக்கூட வந்ததாக உன் அம்மா சொல்லவில்லை. இது எப்படி என்று விளங்கவில்லை.

கோவிந்தராஜ்



திருநின்றவூர்,
06.07.2025

அப்பாவுக்கு,

முப்பத்தேழு. நான் எண்ணிப் பார்த்தேன். ரேவதியிடமும் சொன்னேன். “அந்த சார்ட்ட சொல்லிடுங்கக்கா” என்றாள். “யாருக்கா அவரு, கம்பெனி ஆபீஸரா?” என்று கேட்டாள். எங்க அப்பா என்றேன். அந்த நேரத்தில் அப்படிச் சொல்ல எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதை மறைக்கப் போவதில்லை. உங்கள் போன் வந்தபோது நான் அண்ணனூரில் இருந்தேன். நீங்கள் சொன்னது பத்தொன்பது விநாடி, அதில் ஒரு வார்த்தை வீண் இல்லை. எங்கள் ஆபீஸில் இருந்து தகவல் சொல்கிறவர் ஐந்து நிமிடம் பேசுவார், கடைசியில் எந்தக் கட்டடம் என்று சொல்ல மறந்துவிடுவார். அந்த லிஃப்டிலும் இப்போது புது ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று.

ஆனால் இது வேறு, அது வேறு. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டீர்கள் என்பதற்காகப் பதினேழு தடவை உருவியதை நான் மறக்க மாட்டேன்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். போன் செத்துப்போனால் தொல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். கார்டு மாதிரி உருவி அந்த நிமிடமே மாற்ற முடியாது. பழைய கியூ.ஆர். படம் பெரும்பாலும் மறுபடி செல்லாது. கம்பெனியிடம் புதிதாகக் கேட்டு வாங்கி, புது போனில் நெட் வைத்து இறக்க வேண்டும். அரை நாள்கூட ஆகலாம். திருடன் விஷயத்தில் இதுதான் மேல். கார்டு என்றால் திருடியவன் முதல் வேலையாக அதை உருவி எறிந்துவிடுவான். இதை உருவ முடியாது. திரையில் பூட்டு போட்டிருந்தால் அழிக்கவும் லேசில் முடியாது. போனை அணைத்து வைக்கலாம், அவ்வளவுதான். பட்டன் போனில் வேலை செய்யாது. எல்லாத் தொடு போனிலும்கூட இருக்காது, பார்த்து வாங்க வேண்டும். இ-சிம் போட்டால் சிக்னல் கூடும் என்று யாராவது கடையில் சொன்னால் நம்பாதீர்கள், டவர் அதே டவர்தான். எனக்கு என்ன லாபம் என்றால், ஒரே போனில் இரண்டு கம்பெனி நம்பர் வைக்கலாம். லிஃப்ட் குழிக்குள் ஒன்று எடுக்காத இடத்தில் இன்னொன்று எடுக்கிறது. கார்டைப் பர்ஸில் வைத்துத் தொலைக்கிற வேலையும் இல்லை.

பகலில் ஏன் அழைப்பே வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவைக் கேளுங்கள். நான் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு அழைப்பு வரும் நம்பர் அது. அவ்வளவு மட்டும் சொல்கிறேன்.

அம்மா போன புதன்கிழமை இங்கே வந்திருந்தார். நீங்கள் டியூட்டிக்குப் போன பிறகு ரயிலேறி வந்து, நீங்கள் திரும்புவதற்குள் போய்விட்டார். வத்தக்குழம்பு கொண்டுவந்தார். உப்பு சரியாக இருந்தது. நான் புது போன் வாங்கிவிட்டதால் என் பழைய போனைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனார். ஆதார் அட்டையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அவருக்கு எல்லா விரலிலும் ரேகை நன்றாக விழுகிறது.

நம்பர் விஷயம் அப்படியே நிற்கிறது. எந்தக் கிழமை வருகிறீர்கள்?

மதிவதனி



ஆவடி,
14.07.2025

மகள் மதிவதனிக்கு,

நேற்று நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். உன் அம்மா சமையலறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து நிமிடம் ஆகியும் முடியவில்லை. யாரிடம் என்று கேட்டேன். “பேசிட்டு சொல்றேன்” என்றாள். இருபத்தொன்பது வருடத்தில் அவள் இப்படிப் பதில் சொன்னதில்லை. சாவிக்கொத்தை எடுத்தேன். அவள் பார்த்தாள். பேச்சை முடித்துவிட்டு போனை மேடை மேல் என் பக்கமாக நகர்த்தி வைத்தாள். இந்தா என்பது போல இருந்தது.

ஊசியால் குத்தினேன். ட்ரே வெளியே வந்தது. அதில் ஒன்றும் இல்லை. வரிசை எண் 2, சிம் கார்டு ஒன்று, நோட்டின்படி இருப்பில் இருக்க வேண்டும். இல்லை. ட்ரேயைத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் என் பொறுப்பில் ஒரு நட்டு காணாமல் போனதில்லை.

ட்ரே என் கையில் இருக்கும்போதே போன் அடித்தது.

உன் அம்மா லோகநாயகி எடுத்தாள். “ஆமா டீச்சர், சொல்லுங்க” என்றாள். உன் அனுசுயா டீச்சர். இவர்கள் இரண்டு பேரும் எப்போது பழகினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “ஒங்க சிம்மு ஊறுகா ஜாடிக்கு அடியில கவர்ல போட்டு வெச்சிருக்கேன், எடுத்துக்குங்க. இது என் பேர்ல இருக்கு. பகல்ல மதி நம்பருக்கு வந்த போனெல்லாம் நாந்தான் எடுத்தேன், அவளோட புது நம்பரக் குடுத்தேன். ஒங்க நோட்டுல எழுதிக்குங்க.”

பிறகு சாதம் போட்டாள். நான் சாப்பிட்டேன். ட்ரேயை எப்படித் திரும்பப் போடுவது என்று எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. அவளே வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

கோபம் வந்தது. அதை மறுக்கவில்லை. மாலை முழுவதும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நான் உருவியபோதெல்லாம் இவள் யாரோடு பேச நினைத்திருப்பாள் என்று யோசித்தேன். அந்த ஆறு பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்று அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம். தேதி என் கையெழுத்தில்தான் இருக்கிறது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

வரும் 19ஆம் தேதி சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு ஆவடி கடைக்கு ஆதாருடன் வருகிறேன். நீயும் வரவும். இது மன்னிப்பு அல்ல. இருப்பும் நோட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நோட்டைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். நான் நேரில் அதிகம் பேச மாட்டேன். நீயும் பேச வேண்டாம்.

இணைப்பு: சிம் குத்தும் ஊசி, ஒன்று. எங்கள் பண்டக சாலையில் இனிமேல் பயன்படாத பொருளைக் கண்டம் செய்து இருப்பில் இருந்து நீக்குவோம். அதன்படி நீக்கப்பட்டது.

கோவிந்தராஜ்



திருநின்றவூர்,
20.07.2025

அப்பாவுக்கு,

ஊசி கிடைத்தது. கவரைக் குத்திக்கொண்டு பாதி வெளியே வந்திருந்தது. தபால்காரர் என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

நேற்று கடையில் நீங்கள் சொன்னபடியே பேசவில்லை. நானும் பேசவில்லை. கையெழுத்துப் போடும் முன் படிவத்தை மூன்று தடவை படித்தீர்கள். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நின்றேன். கடைப் பையன் “இ-சிம்மா போட்டுடலாமாக்கா?” என்று கேட்டபோது நான் வேண்டாம், கார்டாகவே கொடுங்கள் என்றதும் திரும்பிப் பார்த்தீர்கள். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

நான் வீட்டுக்கு வரவில்லை. இங்கேயே இருக்கப் போகிறேன். பூந்தமல்லிக்காரர்களுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நானே போன் செய்து சொல்லிவிட்டேன். அவர்கள் வேறு இடம் பார்க்கிறார்களாம். நல்லது. இனி யார் வந்தாலும் முதல் வார்த்தையாக லிஃப்ட் மெக்கானிக் என்று சொல்ல வேண்டும். அதை நீங்கள் சொல்ல வேண்டும்.

நாற்பத்து மூன்று லிஃப்டுகளிலும் ஸ்டிக்கரில் ஒரு வரி சேர்க்கப் போகிறேன். ‘முதல் எண் எடுக்காவிட்டால் அழைக்கவும்’ என்று போட்டு, பழைய நம்பர். நான் ஒரு லிஃப்டுக்குள் கை விட்டிருக்கும்போது இன்னொருவர் மாட்டிக்கொண்டால் அவரோடு பேச ஓர் ஆள் வேண்டும். பதறாமல் பேசுகிற ஆள், பெட்டிகளை எண்ணச் சொல்கிற ஆள். உங்களுக்கு பிப்ரவரியில் ரிட்டையர்மென்ட். அதுவரை பகலில் அம்மா எடுப்பார். கேட்டுவிட்டேன், ஒப்புக்கொண்டார்.

கார்டை அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்கள் பட்டன் போனில் போட்டுக்கொள்ளுங்கள். கீழே உள்ளதில் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை எனக்கு அனுப்பிவிடுங்கள்.

பொருள்: சிம் கார்டு, வரிசை எண் 4, ஒன்று.
உரிமையாளர்: கோ. மதிவதனி, லிஃப்ட் மெக்கானிக்.
பெற்றுக்கொள்பவர்: கோ. கோவிந்தராஜ்.
தன்மை: வேலைக்காக வழங்கப்பட்டது, திரும்பப் பெறத்தக்கது.
நிபந்தனை: அடித்தால் எடுக்க வேண்டும். யார் அடித்தாலும்.

மதிவதனி